தளம், பயணம், பணிமூப்பு: அமெரிக்க விமானிகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் விமானியாகச் சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அதுதான் பணிமூப்பு எண். எந்த நகரம் அவருடைய தளம் (அதாவது பணி தொடங்கி முடியும் இடம்), எந்த வகை விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, எந்த வாரம் விடுமுறை, தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா, ஆட்குறைப்பு வந்தால் வேலை நிற்குமா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணே பதில் சொல்கிறது. மேலதிகாரியின் தயவுக்கோ பறக்கும் திறமையில் ஒருவர் மற்றவரை விஞ்சுவதற்கோ இதில் இடமில்லை. தேர்வுகளில் எல்லாரும் தேற வேண்டும். தேறிய பிறகு வரிசை மட்டுமே பேசும்.

வட கரோலினாவில் ராலேக்கு அருகிலுள்ள கேரி நகரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு நியூயார்க் தளத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். தளத்தைத் தேர்வு செய்யும்போது பெரும்பாலோர் விமானத்தின் அளவையும் மணிநேரச் சம்பளத்தையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: மாதத்தில் எத்தனை இரவுகள் உங்கள் சொந்தப் படுக்கையில் உறங்குவீர்கள்? பின்வரும் படிகள் யாவும் அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதற்கானவை.

முதல் படி: உங்கள் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணிமூப்பு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதைச் சில நிறுவனங்கள் வயதை வைத்தும், வேறு சில சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்தும் முடிவு செய்கின்றன. ஆகவே வகுப்புத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், வீடு மாற்றுவது, உறவினர் திருமணம் போன்ற காரணங்களுக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனம் வேகமாக ஆள் எடுக்கும் காலத்தில் ஒரு மாதத் தாமதம் உங்களுக்கு முன்னால் பலரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஓய்வுபெறும் நாள்வரை அவர்கள் உங்களுக்கு முன்னால்தான் இருப்பார்கள்.

இந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. இருபது ஆண்டுகள் கேப்டனாகப் பறந்தவரும் புதிய நிறுவனத்தில் கடைசி ஆளாக, முதலாண்டுச் சம்பளத்தில், துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும். முதல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

மொத்தப் பட்டியலில் உங்கள் இடத்தை அறிவது ஓரளவுக்கே உதவும். அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது, உங்கள் தளத்தில், உங்கள் விமான வகையில், உங்கள் இருக்கையில் இருப்பவர்களுக்குள் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பதுதான். எடுத்துக்காட்டாக, 12,000 பேர் கொண்ட பட்டியலில் நீங்கள் 9,000-ஆவது ஆள் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் தளத்தில் ஏர்பஸ் ஏ320 துணை விமானிகள் 400 பேரில் நீங்கள் 120-ஆவது ஆளாக இருக்கலாம். அதாவது மேல் 30 விழுக்காட்டில் இருக்கிறீர்கள், வார இறுதிகளைக் கேட்டுப் பெற முடியும். அதே எண்ணுடன் டென்வருக்குப் போனால் 500 பேரில் 470-ஆவது ஆளாகி, 94-ஆம் விழுக்காட்டில், மாதா மாதம் ரிசர்வில், அதாவது நிலையான பணியின்றி அழைப்புக்காகக் காத்து, உட்கார நேரலாம். எண் மாறவில்லை, வாழ்க்கை மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கின் அடுத்த பகுதி எதிர்காலம். அமெரிக்காவில் பயணிகள் விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 65. உங்களுக்கு மேலே இருப்பவர்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் அந்த வயதை எட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நிறுவனம் ஓர் ஆளைக்கூடப் புதிதாக எடுக்காவிட்டாலும் நீங்கள் எவ்வளவு நகர்வீர்கள் என்பது தெரிந்துவிடும். இதையும் முழு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டபோது, வயது காரணமாகப் பட்டியல் நகர்வது ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ நின்றுபோனது. அடுத்த ஆண்டு கேப்டனாகலாம் என்று கணக்கிட்டிருந்தவர்கள் பலர் 2013 வரை காத்திருந்தார்கள்.

இரண்டாம் படி: தளங்களின் இயல்பை அறியுங்கள்

நியூயார்க் பல நிறுவனங்களில் இளையவர்களின் தளம். அங்கே வாழும் செலவு அதிகம், விமான நிலையங்களில் நெரிசலும் தாமதமும் அதிகம். மூத்தவர்கள் விலகிப்போவதால் இளையவர்களுக்கு இடம் கிடைக்கிறது. யுனைடெட் நிறுவனத்தில் டென்வர் இதற்கு நேரெதிர். மலையும் வீடும் பிடித்துப்போய்க் குடியேறியவர்கள் அங்கிருந்து நகர்வதில்லை. ஒரு தளம் மூத்ததா இளையதா என்பதை அறிய, கடைசியாக அங்கே இடம் பெற்றவரின் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு காலியிட அறிவிப்பின் முடிவிலும் அது வெளியாகும். மூன்று நான்கு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தளத்தின் போக்கு புலப்படும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குடும்பம் ஏற்கெனவே வேர்விட்ட ஊருக்கு அருகில் எந்த நிறுவனத்தின் தளம் இருக்கிறது? டாலஸ் பகுதியில் வீடு இருப்பவருக்கு அமெரிக்கன், சவுத்வெஸ்ட் இரண்டுமே பொருந்தும். அட்லாண்டாக்காரருக்கு டெல்டா. சியாட்டில்காரருக்கு அலாஸ்கா அல்லது டெல்டா. ராலே பகுதியில் இருப்பவர் அமெரிக்கன் நிறுவனத்தில் இருந்தால் சார்லட் தளத்துக்குக் காரிலேயே இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். சம்பளப் பட்டியலில் நிறுவனங்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகள், விமானிகள் சங்கம் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்கும். தளத்திலேயே வசிப்பதன் பயன் முப்பது ஆண்டுகள் நிலைக்கும். நான் இதை அறிந்தது தாமதமாக.

புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத தளம். கவலைப்பட வேண்டாம், அது நிரந்தரமல்ல. ஆனால் புதிய விமான வகைக்குப் பயிற்சி பெற்றவரை ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த இருக்கையிலேயே கட்டிப்போடுவது உண்டு. அந்தப் பூட்டு தளம் மாறுவதையும் தடுக்கிறதா, விமான வகை மாறுவதை மட்டும் தடுக்கிறதா என்பதை ஒப்பந்தத்தின் சொற்களிலேயே படித்துவிடுங்கள். உடன் பணியாற்றுபவர் நினைவிலிருந்து சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: கம்யூட் செய்வதாக இருந்தால், பாதையைச் சோதியுங்கள்

வசிக்கும் ஊரிலிருந்து தளத்துக்கு விமானத்தில் போய்வருவதை விமானிகள் கம்யூட் என்கிறார்கள். காலியாக இருக்கும் பயணியர் இருக்கையில் போகலாம். அதுவும் இல்லையென்றால் விமானி அறையின் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டில் போகலாம். அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, வேறு நிறுவன விமானியும் ஜம்ப்சீட்டில் உட்காரலாம். ஆனால் சொந்த நிறுவனத்தாருக்கே முன்னுரிமை, கடைசிச் சொல் அந்த விமானத்தின் கேப்டனுடையது. வாசலில் நின்று, பெயரைச் சொல்லி, நேரில் அனுமதி கேட்பது மரபு. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்த மரியாதையைக் கைவிடாதீர்கள்.

பாதையைச் சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒரு நாளில் எத்தனை விமானங்கள், எத்தனை நிறுவனங்கள் என்பதை. ஒரே நிறுவனம் நாளுக்கு மூன்று முறை பறக்கும் பாதையைவிட, மூன்று நிறுவனங்கள் சேர்ந்து பத்து முறை பறக்கும் பாதை பலமடங்கு பாதுகாப்பானது. ஒரு நிறுவனத்தின் கணினி முடங்கினாலும் மற்றவை பறக்கும். இடையில் விமானம் மாற வேண்டிய பாதை என்றால், என் கருத்தில், அதை நீண்டகாலத்துக்கு ஏற்கவே கூடாது. இரண்டு விமானங்களிலும் இடம் கிடைக்க வேண்டும், இரண்டும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்னும்போது நேரத்துக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு பெருக்கல் கணக்கில் குறைகிறது.

அதே பாதையில் எத்தனை விமானிகள் போட்டியிடுகிறார்கள் என்பதும் முக்கியம். புளோரிடாவிலிருந்து நியூயார்க் போகும் ஞாயிறு மாலை விமானத்தின் வாசலில் ஜம்ப்சீட்டுக்காக ஐந்தாறு பேர் நிற்பதைக் காணலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் பயணியர் இருக்கைகளும் நிரம்பிவிடும். ஆகவே பாதையை ஜூலையிலும் டிசம்பர் கடைசி வாரத்திலும் பார்த்து மதிப்பிடுங்கள். பிப்ரவரியின் நடு வாரத்தில் எந்தப் பாதையும் எளிதாகத்தான் தெரியும்.

நேர மண்டலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் வசித்து மேற்கில் தளம் கொண்டவர் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், மூன்று மணி நேர வேறுபாட்டின் உதவியால் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்பது மணியளவில் இறங்கலாம். அன்று மதியம் தொடங்கும் பணியைத் தாராளமாக ஏற்கலாம். ஆனால் பணி மாலையில் முடிந்தால் வீடு திரும்ப இரவு முழுவதும் பறக்கும் விமானம்தான். மேற்கில் வசித்துக் கிழக்கில் தளம் கொண்டவருக்கு நிலைமை தலைகீழ்: திரும்புவது எளிது, போவது கடினம். நியூயார்க்கில் காலைப் பணிக்கு அவர் முந்தைய நாளே போய்ச் சேர வேண்டும். பணிக்கு முன்னால் தூக்கம் கெடுவதைவிடப் பணி முடிந்தபின் கெடுவது மேல் என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

தூக்கம் பற்றிச் சொல்ல வந்ததால், 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407 விமானத்தை இங்கே நினைவுகூர வேண்டும். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் உயிரிழந்தார்கள். நியூவர்க் தளத்தைச் சேர்ந்த துணை விமானி, அதற்கு முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் வந்து சேர்ந்திருந்தார். கேப்டன் புளோரிடாவிலிருந்து கம்யூட் செய்பவர். விமானம் வேகம் இழந்து அதற்கான எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. களைப்பு இருவரின் செயல்திறனைப் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று வரையறுக்க இயலவில்லை என்றும் அறிக்கை கூறியது. இதன் பின்னர் வந்த பணிநேர விதிகள் 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வும், அதற்குள் இடையறாத எட்டு மணி நேர உறக்க வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் கம்யூட் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் நடந்தாலும் விதி அதைப் பணியாக எண்ணுவதில்லை. தகுதியான நிலையில் பணிக்கு வர வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்று மட்டும் அது சொல்கிறது. நாட்டின் விதி விட்டுவைத்திருக்கும் இந்த இடைவெளியை உங்கள் சொந்த விதியால் அடைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த விதி ஒரு ஜூலை மாதத்தில் உருவானது. மாலை ஐந்து மணிக்கு நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் பணி. காலை பத்தரை மணி விமானத்தில் போகலாம், தவறினால் ஒரு மணி விமானம் இருக்கிறது என்று கணக்கிட்டு ராலே விமான நிலையத்துக்குப் போனேன். பத்தரை மணி விமானத்தின் ஜம்ப்சீட்டில் எனக்கு முன் வந்த ஒருவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்தது, கதவும் மூடப்பட்டது. நியூயார்க்கின் மேல் இடிமழை வந்து விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓடுபாதை ஓரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் நின்று, எரிபொருள் போதாமல் வாசலுக்கே திரும்பினோம். ஜன்னல் வழியே ராலேயின் வானம் துளி மேகமின்றி நீலமாக இருந்தது. அந்த நான்கு நாள் பணியும் அதற்கான சம்பளமும் போயின. பணிப் பட்டியல் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை விமானங்களுக்குப் பெயர் பதிந்திருந்தீர்கள் என்பது. இரண்டு என்று சொல்ல முடிந்ததால் ஒப்பந்தத்தில் கம்யூட் செய்பவருக்காக உள்ள விதி என்னைத் தண்டனையிலிருந்து காத்தது. அதன் பிறகு கோடை மாதங்களில் மதியத்துக்கு மேல் தொடங்கும் பணிக்கும் முந்தைய மாலையே போய்விடுவேன். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை விமானங்கள், எவ்வளவு இடைவெளி, என்ன சான்று வேண்டும் என்பவற்றைக் கம்யூட் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்த திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

நான்காம் படி: ரிசர்வ் காலத்தைத் தனியாக எடைபோடுங்கள்

பணிமூப்பில் கீழே இருப்பவருக்கு நிலையான பணிப் பட்டியல் கிடைக்காது. அழைப்புக்காகக் காத்திருக்கும் ரிசர்வ் நாட்களே கிடைக்கும். குறுகிய அழைப்பு ரிசர்வில், 14 மணி நேரத்துக்கு மிகாத காத்திருப்புக்குள் எப்போது தொலைபேசி ஒலித்தாலும் ஓரிரு மணி நேரத்தில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். தளத்திலேயே வசிப்பவர் இந்த நாட்களைப் பிள்ளைகளோடு கழிக்கலாம், அழைப்பு வராவிட்டால் வீட்டிலேயே உறங்கலாம். கம்யூட் செய்பவருக்கு அது இயலாது. மாதத்தில் 18 ரிசர்வ் நாட்கள் என்றால், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அந்த 18 நாட்களும் வெளியூர்தான். நீண்ட அழைப்பு ரிசர்வில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத முன்னறிவிப்பு இருப்பதால், நல்ல விமான வசதி உள்ள ஊரில் வசிப்பவர் வீட்டிலிருந்தே காத்திருக்கலாம். ஆகவே ஒரு தளத்தை மதிப்பிடும்போது, அங்கே உங்கள் எண்ணுக்கு நீண்ட அழைப்பு கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

காத்திருக்கும் இரவுகளுக்காகப் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடுதான் கிராஷ்பேட். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியின் கியூ கார்டன்ஸ், விமான நிலையங்களுக்கு நடுவே இருப்பதால் விமானப் பணியாளர்களால் நிறைந்து, க்ரூ கார்டன்ஸ் என்றே பெயர் பெற்றுவிட்டது. நான் இருந்த வீட்டில் ஓர் அறைக்கு மூன்று அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய பால் பாட்டில்கள். அலமாரியில் என் பெயரோடு ஓர் இட்லிப் பொடி டப்பா ஆறு ஆண்டுகள் இருந்தது. கட்டிலை ஒருவருக்கே ஒதுக்குவது ஒரு வகை, வருகிறவர் காலியான கட்டிலில் தம் விரிப்பைப் போட்டுக்கொள்வது இன்னொரு வகை. ரிசர்வில் இருப்பவர் கூடுதல் வாடகை கொடுத்தாவது முதல் வகையையே எடுக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் அலாரம் வைத்து எழும் அறையில், மாலை நேர அழைப்புக்காரர் நிம்மதியாக உறங்க முடியாது.

ஐந்தாம் படி: வீட்டு நாட்களையும் பணத்தையும் எழுதிப் பாருங்கள்

நான்கு நாள் பணிகள் நான்கு என்றால் மாதத்தில் 16 வேலை நாட்கள். தளத்தில் வசிப்பவருக்கு 14 நாட்கள் வீட்டில். கம்யூட் செய்பவரின் நான்கு பணிகளும் அதிகாலையில் தொடங்கி இரவில் முடிந்தால், முன்னால் நான்கு இரவும் பின்னால் நான்கு இரவும் கூடப் போய்விடும். முதல் நாள் பிற்பகலில் தொடங்கிக் கடைசி நாள் முற்பகலில் முடியும் பணிகள் கிடைத்தால் இந்த இழப்பு ஏறத்தாழ இல்லாமலாகும். ஆனால் கம்யூட் செய்பவர் எல்லாரும் அத்தகைய பணிகளையே கேட்பதால், அவற்றைப் பெறப் பணிமூப்பு வேண்டும். கம்யூட் செய்பவர் தம் பணிமூப்பின் பெரும் பகுதியைப் பயணத்துக்காகவே செலவிடுகிறார். தளத்தில் வசிப்பவர் அதே பணிமூப்பைப் பிள்ளையின் பிறந்தநாளுக்குச் செலவிடுகிறார்.

செலவில் கிராஷ்பேட் வாடகை, விடுதி, வாகன நிறுத்தம், வெளியூர்ச் சாப்பாடு ஆகியவை சேரும். வரியில் ஒரு நன்மை உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விமானப் பணியாளரின் சம்பளத்துக்கு அவர் வசிக்கும் மாநிலமும், சம்பளத்தில் பாதிக்கு மேல் எங்கே ஈட்டினாரோ அந்த மாநிலமும் மட்டுமே வருமான வரி விதிக்கலாம். பல மாநிலங்களின் மேல் பறப்பவருக்கு எந்த ஒரு மாநிலத்திலும் பாதிக்கு மேல் சேர்வது அரிது. ஆகவே டெக்சஸிலோ புளோரிடாவிலோ வசித்து நியூயார்க் தளத்தில் பறப்பவர் பொதுவாக மாநில வருமான வரியே கட்டுவதில்லை.

ஆறாம் படி: கேப்டன் பதவிக்கு அவசரப்படாதீர்கள்

துணை விமானிகளில் மேல் 20 விழுக்காட்டில் இருந்து, வேண்டிய நாட்களைப் பெற்று வாழ்பவர் கேப்டனானதும் கேப்டன்களின் வரிசையில் கடைசியில் நிற்பார். சம்பளம் கணிசமாக உயரும். ரிசர்வ் திரும்பி வரும். தளமும் மாற நேரலாம். தளத்திலேயே வசிப்பவருக்கு இந்த மாற்றம் தாங்கக்கூடியது. கம்யூட் செய்பவருக்கு, குறிப்பாகச் சிறு பிள்ளைகள் உள்ளவருக்கு, கடைசி இடத்துக் கேப்டன் பதவி மிகக் கடினமான சில ஆண்டுகளைக் கொண்டுவரும். எனக்கு வாய்ப்பு வந்தபோது இரண்டு ஆண்டுகள் அதை விட்டுவிட்டேன், அதற்காக வருந்தவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: இடம் திறந்திருக்கும்போது எடுக்காதவர், ஆள் எடுப்பு நின்று கதவு மூடிவிட்டால் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். வாழ்க்கைத்துணையோடு அமர்ந்து, அடுத்த மூன்று ஆண்டுகளில் வீட்டில் நடக்கவிருப்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: தளம் மூடப்படலாம், நிறுவனங்கள் இணையலாம்

டெல்டாவின் மெம்ஃபிஸ், சின்சினாட்டி மையங்களும், டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் கோட்டையாக இருந்த செயின்ட் லூயிஸும் ஒரு காலத்தில் நிரந்தரமானவையாகத் தோன்றின. வீடு வாங்கிக் குடியேறியவர்கள் ஒருநாள் கம்யூட் செய்பவர்களானார்கள். ஒரு நிறுவனத்தின் மிகச் சிறிய தளத்தை நம்பி வீடு வாங்குபவர், மற்றொரு தளத்துக்கு நேரடி விமானங்கள் நிறைய உள்ள ஊராக அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பு நடந்தால் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். 2001-இல் அமெரிக்கன் நிறுவனம் டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியபோது, அங்கிருந்து வந்த விமானிகளில் பெரும் பகுதியினர் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அநீதியின் வடு, நியாயமான முறையில் பட்டியல்களை இணைக்க வேண்டும் என்று 2007-இல் மக்காஸ்கில்–பாண்ட் சட்டத் திருத்தம் வரக் காரணமானது. அமெரிக்கா வெஸ்ட், யு.எஸ். ஏர்வேஸ் விமானிகளின் பட்டியல்களை இணைப்பது பற்றி 2007-இல் நடுவர் நிக்கோலாவ் தந்த தீர்ப்பு பல ஆண்டுகள் வழக்காக நீடித்தது. இதைத் தனி ஒருவரால் தடுக்க முடியாது. உங்களால் முடிந்தது, பணியில் சேர்ந்த நாள், பயிற்சி முடித்த நாள், ஒவ்வொரு இருக்கையும் பெற்ற நாள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருப்பதும், சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போவதும்தான்.

எட்டாம் படி: விருப்பப் பதிவை உயிரோடு வைத்திருங்கள்

தளம், விமானம், இருக்கை ஆகியவற்றுக்கான உங்கள் விருப்ப வரிசை கணினியில் நிலையாக இருக்கும். காலியிடம் வரும்போது அது தானாகவே செயல்படும். தளம் மாறும் ஆசையில் எப்போதோ பதிந்துவிட்டு மறந்துபோன ஒரு வரி, பிள்ளை பள்ளியில் சேர்ந்த ஆண்டில் உங்களைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிடலாம். ஒதுக்கீடு வெளியான பிறகு மாற்றுவது மிகக் கடினம். காலியிட அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும், பதிவு மூடுவதற்கு முந்தைய நாள், அந்த வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வரியை நீக்கிவிட்டுப் பதிவைச் சேமியுங்கள்.